இடது பின் சக்கரம்

“அமுக்கு” என்று கீழேயிருந்து குரல் வந்தது. ரஞ்சிதம் பெடலை அமுக்கினாள். “விடு.” விட்டாள். “அமுக்கு. விடு. அமுக்கு. அப்படியே பிடி. பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை.

வர வேண்டியது ஸ்பேனர் திரும்பும் சத்தம். அது வந்தால் பெடல் தானாகக் கீழே இறங்கும், ஏரிக்கரைச் சேற்றில் பாதம் அமிழ்வதுபோல. பிறகு ஸ்பேனர் இன்னொரு முறை திரும்பும், அவர் “விடு” என்பார், அவள் காலை எடுப்பாள். இதுதான் வரிசை. பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் இப்படித்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் மல்லாந்து படுத்துத் திறந்து மூட. மேலே இருக்கிறவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, சொன்னதைக் கேட்டால் போதும், சொல்லாததைச் செய்யாமல் இருந்தால் போதும் என்று முதல் நாளே கனகசபை சொல்லியிருந்தார். “நான் விடுன்னு சொல்றதுக்கு முன்னாடி காலை எடுத்துடாதே. தெறந்திருக்கறப்ப எடுத்தேன்னா வெளிக்காத்தை உறிஞ்சிக்கும். பண்ணினதெல்லாம் வீண். மறுபடி முதல்லேர்ந்து.” நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவர் சொல்லி அவள் கேட்டது, கேட்காமல் விட்டது என்று எவ்வளவோ உண்டு. இந்த ஒன்றை அவள் மீறியதில்லை. மிதிக்கத் தொடங்கிய முதல் வருஷம் ஒரு காலை, பெடலில் கால் இருக்கும்போது கட்டெறும்பு ஒன்று கணுக்காலில் ஏறிக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “விடு” வந்த பிறகுதான் குனிந்து தட்டிவிட்டாள். அதைச் சொன்னபோது அவர் சக்கரத்தடியிலிருந்து வெளியே வராமலே சிரித்தார். “உன்னை மாதிரி ஒரு ஆளு பஸ் டிப்போவுல கூடக் கெடைக்காது” என்றார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. மூன்று விசிலுக்கு அணைக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை, இடது பின்னாடி மட்டும் இன்னொரு தடவை பார்த்துடலாம் வா என்று அவர் கூப்பிட்டபோது பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் வந்தாள். செருப்பைக் கழற்றி பெடலுக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தாள். செருப்போடு மிதித்தால் வழுக்கும். பெடல் ரப்பரின் கோடுகள் உள்ளங்காலில் பதிந்து, அந்த இடம் தன்னுடையதில்லை என்பதுபோல் ஆகிவிட்டது. தொடை லேசாக நடுங்கியது. சீட்டின் பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் கிழிக்கவில்லை, முதுகு வேர்த்து அதில் ஒட்டிக்கொண்டது. எதிரே புதுக் கண்ணாடி, அதற்கு அப்பால் முட்டை ஓட்டு நிறத்தில் பளபளக்கும் பானெட், அதற்கும் அப்பால் பூட்டிய கேட். இடது பக்கக் கண்ணாடியில் அவருடைய இரண்டு பாதங்கள் தெரிந்தன. குதிகால் வெளுத்து, விரல் நுனிகள் கருத்து. அவை அசையவில்லை. யோசிக்கிறாராக இருக்கும். ஸ்பேனர் கைநழுவி உருண்டு போயிருக்கும், தேடிக்கொண்டிருப்பார். தேடினால் கால் அசையுமே. இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது, நேற்று முன்தினம், ஆனால் இவ்வளவு நேரம் இல்லை. எவ்வளவு நேரம்? எண்ணியிருக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று இப்போது தொடங்கினாள். இருபதுக்குள் ஒரு காகம் மதிலில் உட்கார்ந்து எழுந்து போனதில் எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதல்லேர்ந்து.

நேற்றே நான்கு சக்கரமும் எடுத்தாயிற்று. மிதிக்கும் சிலிண்டரிலிருந்து எது தூரமோ அதில்தான் தொடங்க வேண்டும். இடது பின்னாடி, வலது பின்னாடி, இடது முன்னாடி, வலது முன்னாடி. கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி இதற்கும் ஒரு முறை உண்டு, மாற்றிச் சுற்றக் கூடாது. சாயங்காலம் அவரே உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிட்டு, எங்கேயோ ஒரு சொட்டுக் காத்து மிச்சம் இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார். இன்று காலை இடது பின் சக்கரத்தை எடுத்தார்கள். முடிந்தது என்று எழுந்து, கையைத் துடைத்து, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, அடுத்து வலது பின்னாடி என்று வாயால் சொல்லிவிட்டு, மறுபடி இடது பின் சக்கரத்துக்கே போய்ப் படுத்தார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இது மூன்றாவது தடவை. முன்பெல்லாம் நிப்பிளில், அதாவது அவர் ஸ்பேனரால் திறந்து மூடும் அந்தச் சின்னத் திருகில், மாட்டிய குழாயின் மறுமுனையை ஒரு பாட்டில் எண்ணெயில் முக்கி வைப்பார், அப்போதுதான் குமிழி தெரியும், காத்தும் திரும்பிப் போகாது என்பார். இன்று பாட்டிலைக் காணோம். குழாய் முனை ஒரு காலி பெயிண்ட் டப்பாவில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் முகத்தில் ஒன்று வரும். கண்ணுக்குப் பின்னால் யாரோ ஓடிப்போய்க் கதவுகளைத் திறந்து பார்ப்பதுபோல. அதைப் பார்ப்பதற்குப் பதிலாக எத்தனை முறை வேண்டுமானாலும் இடது பின் சக்கரத்துக்கு மிதிக்கலாம்.

“என்னக்கா, எந்த ஊரு போயிட்டிருக்கீங்க?”

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு டெய்சி டீச்சரின் தலை தெரிந்தது, ஈரத் துண்டு சுற்றிய தலை.

“ஏற்காடு” என்றாள் ரஞ்சிதம்.

“ஆறு வருஷமா போறீங்க. இன்னும் அடிவாரமே தாண்டலியே.”

“டிராஃபிக்கு.”

டீச்சர் சிரித்தாள். “சார எங்க காணோம்? கண்டக்டரு பாதியில எறங்கிட்டாரா?”

“கீழதான் இருக்காரு.”

“சத்தத்தையே காணமே. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க்கா, ஃபேனை ரிப்பேரு பண்றேன்னு ஸ்டூலு மேல ஏறி நின்னுக்கிட்டு, எதுக்குடா ஏறினோம்னு யோசிச்சிக்கிட்டு நிப்பாரு.”

“இவரு யோசிக்கல. வேலை நடக்குது.”

“நடக்கட்டும், நடக்கட்டும். குக்கரு கத்துது பாருங்க, நாலாவது விசிலு. பருப்பு கூழாயிரும்.”

“எறங்க முடியாது டீச்சர். கால எடுத்தா காத்து போயிரும்.”

“எங்க போயிரும்?”

“உள்ள.”

“காத்து வெளிய போனாத்தான் தப்புன்னு நெனச்சேன். உங்க வண்டிக்கு எல்லாமே தலைகீழு. நான் வேணா வந்து அடுப்ப அணைக்கட்டா?”

“வேணாம், வேணாம். கேட்டு பூட்டியிருக்கு.”

“பகல்லயே என்னத்துக்குப் பூட்டறீங்க? காரு ஓடிப்போயிரும்னா?” டீச்சர் துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். “ஞாயித்துக்கெழமை இது கேட்டத் தாண்டுச்சுன்னா நான் தேங்கா ஒடைக்கறேன். சர்ச்சுல கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

தலை மறைந்தது. ரஞ்சிதம் மூச்சை விட்டாள். கேட் சாவி இடுப்பில் உறுத்தியது. அது இடுப்புக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஐந்து ரோடு சந்திப்பில் இருக்கும் பெயிண்ட் கடைக்குப் போன மனிதர், கால் மணி நேரத்தில் வரக்கூடியவர், மூன்று மணி நேரம் கழித்து முன்பின் தெரியாத ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பெயிண்ட் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: “எல்லா ரோடும் ஒரே மாதிரி இருந்துச்சு.” அவள் மோர் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “தமயந்திகிட்டச் சொல்லாதே” என்று மகள் பேரை எடுத்தார். “சொன்னா வண்டிய விக்கச் சொல்லுவா. என்னைக் கூட்டிட்டுப் போயி எங்கயாவது காட்டுவா. இதை முடிச்சிடறேன். முடிச்சதும் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நீ யாருகிட்டயும் வாயத் தெறக்காதே.” சரி என்றாள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? வேறு எது சொல்லியிருந்தாலும் அந்த டம்ளர் அவர் கையிலிருந்து விழுந்திருக்கும் என்று இப்போதும் அவளுக்குத் தோன்றியது. அதுவரைக்கும் என்றால் எதுவரைக்கும் என்று அப்போது அவள் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி முடியும் என்று அவள் நம்பியதே இல்லை. எஞ்சினைப் பிரிப்பார், மாட்டுவார், ஒரு நட்டு மிச்சம் வந்துவிட்டது என்று திரும்பவும் பிரிப்பார். பிரிச்சு மாட்டினா ரெண்டு நட்டு மிச்சம் வரணும், அப்பத்தான் அவன் மெக்கானிக்கு என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆத்தூர் பக்கம் ஒரு அரிசி மில்லில், கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டி இது. ஓய்வு பெற்ற மறு மாதம் அதை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, “வண்டி உனக்கு அனுப்பிச்சிருக்கு” என்று நீட்டினார். அது எந்தக் காலத்து முட்டையோ, அவள் வாங்கும்போதே வெடித்து, வீடெல்லாம் நாறி, இரண்டு பேரும் கொல்லைப்புறத்துக்கு ஓடி, மூக்கைப் பொத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஐந்தாவது விசில். இல்லை, ஆறாவதா? அடிப்பிடிக்கும் வாசனை வருகிறதா என்று முகர்ந்தாள். பிரேக் எண்ணெய் வாசனைதான் வந்தது, கசப்பும் இனிப்புமாக. “என்னங்க” என்று கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிட்டால் டீச்சருக்குக் கேட்கும், மெதுவாகக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குரலில் கூப்பிட்டதில் அது அவளுக்கே யாருடைய குரலோ போல இருந்தது. பாதங்கள் அசையவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாம். கதவைத் திறந்தால், ஆறு எட்டு. ஆனால் அவர் நிப்பிளில் கைவைத்தபடி இருந்து, இவள் காலை எடுக்கிற நேரம் பார்த்துத் திறந்து தொலைத்தால்? அல்லது அங்கே போய்ப் பார்க்கும்போது கண் திறந்தபடி, கையில் ஸ்பேனரோடு, முகம் மட்டும் எங்கேயோ போயிருந்தால்? போன மாதம் ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் அப்படித்தான் தோட்டத்துக்குழாயைத் திறந்த கையோடு போய்ச் சேர்ந்தார், தண்ணீர் ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்ததாம். சீ, என்ன நினைப்பு இது. கட்டைவிரல் அசைந்தது. இல்லை, கண்ணாடிதான் அசைந்ததா? அவள் கால் நடுக்கத்தில் வண்டியே அசைந்திருக்கும். பார்வையை எடுக்காமல் பார்த்தாள். அசைந்தது. இடது காலின் கட்டைவிரல் பக்கத்து விரலைச் சொறிந்தது. உயிரோடு இருக்கிறார். அப்படியானால் ஏன் சொல்லவில்லை? அடுத்த சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுவதுபோல அங்கே படுத்துக்கொண்டு அந்தச் சின்னச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார். விடு என்று அவளே எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர். மேலே இருக்கிறவர் பிடிச்சிருக்கு என்று மட்டும்தான் சொல்லலாம்.

அந்தச் சொல்லைப் பார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக் கூடத்தில் அவருடைய பெரியப்பா காபியை உறிஞ்சிக்கொண்டே “பையனுக்குப் புடிச்சிருக்காம்” என்று அறிவித்தபோது, அவள் அடுக்களையில் கேசரித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பொண்ணுக்கு என்று யாரோ இழுத்தார்கள், அதுக்கென்ன என்று யாரோ முடித்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச நேரம் இருந்ததில்லை; அவர் இன்சூரன்ஸ் சர்வேயர், எங்கே எந்த வண்டி கவிழ்ந்தாலும் பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் தடவை இந்தச் சீட்டில் அவளை உட்காரவைத்து, அடியிலிருந்து “பிடிச்சிருக்கா?” என்று அவர் கேட்டபோது அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. “என்ன கேக்கறீங்க, இத்தனை வருஷங் கழிச்சு?” என்றாள். பிறகு அவருக்கும் புரிந்து, சிரிக்க நிமிர்ந்ததில் தலை எதிலோ இடித்து, ஐயோ அம்மா என்றார். அன்றிலிருந்து அது இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. “பிடிச்சிருக்கா?” “ஏதோ பிடிச்சிருக்கு. வேற வழி?” ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பார், பத்துத் தடவையும் வேற வழி என்பாள். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் சொன்னாள். “வேற வழியா?” என்றார் அடியிலிருந்து. குரலில் திகில் இருந்தது. “எந்த வழி? எதுக்கு வேற வழி? நாம எங்க போறோம்?” அதற்குப் பிறகு அவள் வெறும் பிடிச்சிருக்கு மட்டும்தான் சொல்கிறாள்.

ஒரு முறை ஏற்காடு மலைப் பாதைக்கு அவளையும் அழைத்துப் போயிருந்தார், கல்யாணமான புதிதில். பதினோராவது வளைவிலோ பன்னிரண்டாவதிலோ ஒரு காபி லாரி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. டிரைவர் உயிரோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தான், ஒரு காலில் மட்டும் செருப்பு. பிரேக் புடிக்கல சார், பிரேக் புடிக்கல சார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இவர் இறங்கிப்போய்ப் பார்த்து, நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: “பாதிப் பேரு இதான் சொல்லுவான். பிரேக் நல்லாத்தான் இருக்கும். இவன் கால வைக்க மறந்திருப்பான்.” “மறப்பாங்களா?” என்றாள். “மனுசன்தானே” என்றார், ஜன்னலைச் சாத்திக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். தமயந்தி ஓசூரிலிருந்து குடும்பத்தோடு நேராக ஏற்காட்டுக்கு வருகிறாள். அப்பா வண்டியில் மேலே வருவார், பேத்தி மகிழைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கீழே இறங்குவார் என்று இரண்டு மாதமாகப் பேச்சு. பேத்திக்கு ஆறு வயது, வண்டிக்கும் ஆறு வயது என்பார். அவர் கணக்கில் வண்டி பிறந்தது கோழிக்கூண்டிலிருந்து வெளியே வந்த அன்று. “பாட்டி, முன்னாடி சீட்டு எனக்குத்தான், நீ பின்னாடி” என்று நேற்று ராத்திரி ஃபோனில் அது தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறகு தமயந்தி வாங்கி, “அம்மா, அப்பா நல்லா இருக்காரா? ரூம் எத்தனை மணிக்குன்னு ஒரே கேள்விய நாலு தடவ கேட்டாரு” என்றாள். “காது சரியாக் கேக்கறதில்லடி” என்றாள் இவள். எவ்வளவு சுலபமாக வந்தது. காதைக் குறை சொல்லிவிடலாம், டவரைக் குறை சொல்லிவிடலாம், வயசைச் சொல்லிவிடலாம். முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அதில் முடிந்திருந்த கவர் இன்று காலை அவர் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையில் கிடைத்தது. பிரித்த சாமானை எல்லாம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, எதிலிருந்து எடுத்தது, எத்தனாவது என்று துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வைப்பது அவர் பழக்கம், சர்வேயர் புத்தி. இந்தக் கவரில் ஒரு ஸ்பிரிங் இருந்தது, விரல் நீளம், இரண்டு பக்கமும் கொக்கி. சீட்டில் அதே அழகான சாய்ந்த எழுத்தில், ‘இது எதிலிருந்து?’ என்று எழுதியிருந்தது. யாரைக் கேட்டிருக்கிறார் என்று அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய ஸ்பிரிங்காக இருக்கும், புதிது மாட்டியிருப்பார். அல்லது இதுதான் புதிதா? பார்க்கப் புதிதாகத்தான் இருந்தது. ஒரு சக்கரத்துக்குள் இது இல்லாமல் பிரேக் டிரம்மை மூடிவிட்டாரா? எந்தச் சக்கரத்துக்குள்? அவருக்கே தெரியாததை அவரிடம் எப்படிக் கேட்பது? இருபது வளைவு. மேலே போகும்போது பரவாயில்லை. இறங்கும்போது பக்கத்தில் குழந்தை உட்கார்ந்துகொண்டு, தாத்தா, குரங்கு, தாத்தா, குரங்கு என்று கத்திக்கொண்டு வரும்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தைரியம். எது மறந்தாலும் அவர் மறக்காத ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் அவரே வந்து உட்கார்ந்து பெடலை மூன்று தடவை மிதிப்பார். “கல்லு மாதிரி நிக்கணும். நிக்கலேன்னா வண்டி கேட்டத் தாண்டாது.” நேற்று எழுதாமல், கேட்காமல், யோசிக்காமல் அவர் கால் அதைச் செய்தது. சாப்பிட்டோமா இல்லையா என்பதை மனசு மறக்கிறது, அவருடைய கால் மறப்பதில்லை. பெடல் கொஞ்சம் அமுங்கினாலும் போதும், உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கிவிடுவார். நாளைக்குப் பாத்துக்கலாம். அந்த நாளைக்கு என்கிற சொல்லில்தான் மூன்று மாதமாக அவள் குடியிருக்கிறாள். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான், நினைப்புக்கு அடியில், வெகு நேரமாகத் தன் கால் தனக்கு எதையோ சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்கு எட்டியது. பெடல் அமுங்கவில்லை. இவ்வளவு நேரம், முழுப் பலத்தோடு, தொடை நடுங்க நடுங்க அவள் அழுத்திக்கொண்டிருக்கிறாள், நூல் அளவுகூட உள்ளே போகவில்லை. மூன்று வருஷத்தில் எத்தனையோ முறை மிதித்திருக்கிறாள், ரப்பர் பந்து மாதிரி, ஈரத் துணி மாதிரி, நேற்றுக்கூடப் பழுத்த கொய்யா மாதிரி. இப்படி இருந்ததில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். அம்மிக்கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. அந்த ஒரு சொட்டுக் காற்று இடது பின் சக்கரத்தில்தான் இருந்திருக்கிறது. மூன்று தடவை திரும்பத் திரும்ப அதையே எடுத்ததில் அது போய்விட்டது. தப்பாகப் போய்ப் படுத்த மனிதர் சரியான இடத்தில் படுத்திருக்கிறார். வேலை முடிந்துவிட்டது. இனி அவர் எழுந்து வந்து உட்கார்ந்து மூன்று தடவை மிதிப்பார், முகம் மலரும், அவ்வளவு மலர்ச்சியை அவள் மறுபடி எப்போது பார்க்கப் போகிறாள், சாவியைக் கேட்பார். ஸ்பிரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெடல் கல்லு மாதிரிதான் நிற்கும், அதையும் அவர் எப்போதோ சொல்லியிருக்கிறார். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் அழுதால் உடம்பு தளரும், கால் தளரும்.

“ரஞ்சிதம்.”

குரல் தரையோடு தரையாக வந்தது.

“ம், சொல்லுங்க.”

“இருக்கியா?”

“இங்கதான் இருக்கேன்.”

“இப்ப... நான் தெறந்திருக்கேனா, மூடியிருக்கேனா?”

வளையல் சத்தம் கேட்காமல் அவள் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணெதிரில், விரல் தொடும் தூரத்தில் இருக்கிற நிப்பிள். மேலே, ஆறடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிறார். அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிகிறது.

“மூடியிருக்குங்க.”

“எப்படிச் சொல்றே?”

“தெறந்திருந்தா கால் எறங்கும். எறங்கல.”

“ஆமா” என்றார். “ஆமாமா. கரெக்ட்டு.” கண்ணாடியில் பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன, நிம்மதியாகப் படுத்திருக்கிற ஆளுடைய பாதங்கள் மாதிரி. “விடு. கொஞ்சம் ஓய்வெடுத்துக்கோ. ரொம்ப நேரமாப் பிடிச்சிட்டிருந்தியா?”

“இல்ல, இப்பத்தான்.”

காலைத் தூக்கினாள். ரத்தம் பாய்ந்து பாதம் முழுக்க ஊசி குத்தியது. உள்ளே குக்கர் இப்போது விசில் அடிக்கவில்லை. தண்ணீர் தீர்ந்திருக்கும்.

“பெடல் எப்படி இருக்கு? கல்லு மாதிரி இருக்கா?”

அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டில் டீச்சர் துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

“இல்லீங்க. இன்னும் கொஞ்சம் அமுங்குது.”

“அமுங்குதா?” ஏமாற்றமா, வேறு ஏதாவதா என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை. “சரி, இன்னொரு தடவ பாத்துடலாம். இடது பின்னாடி இன்னும் எடுக்கவே இல்லையே. இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.”

“ஆமா. இதுலேர்ந்துதான்.”

“அமுக்கு.”

அமுக்கினாள்.

“விடு. அமுக்கு. விடு. அமுக்கு. அப்படியே பிடி. தெறக்கப் போறேன்.”

ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது. பெயிண்ட் டப்பாவில் எண்ணெய் சொட்டியது. கல் இளகி, அவள் பாதத்தின் கீழ் மெல்ல மெல்ல இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.

“பிடிச்சிருக்கா?” என்றார்.

பாதம் பெடலை விட்டு, அவசரமில்லாமல், மேலே வந்தது. பெடலும் அதன் பின்னாலேயே ஒரு நீண்ட மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு வந்தது.

“பிடிச்சிருக்கு” என்றாள் ரஞ்சிதம். அவள் கால் விரல்கள் தரையில் தடவித் தடவிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டன.